லெவாந்தோவில் ஒரு குடும்பத்தின் வீட்டில் அறை: அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

நீங்கள் கேட்டிருப்பதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். இத்தாலியின் லிகூரியா கடற்கரையில் லெவாந்தோ என்ற ஊர். அங்கே ஒரு குடும்பம் தன் வீட்டிலேயே நடத்தும் பி அண்ட் பியில் மே மாதக் கடைசியில் 4 இரவுக்கு அறை எடுத்திருக்கிறீர்கள். கூட வருவது மனைவியும் 68 வயது அம்மாவும். அம்மா சைவம், முட்டையும் சேர்க்க மாட்டார். வீட்டுக்கார அம்மையார் பாஸ்போர்ட் விவரம் கேட்கிறார், ஏதோ ஒரு ஊர் வரியைத் தனியாக ரொக்கமாகக் கொடுக்கச் சொல்கிறார், மாலை 7 மணிக்குள் வந்துவிடுங்கள் என்கிறார். விமர்சனங்களில் ஒருவர் "காலையுணவு பாக்கெட் பன்தான்" என்று எழுதியிருக்கிறார். இதெல்லாம் சரிப்படுமா, பேசாமல் ஹோட்டலுக்கு மாறிவிடலாமா என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இன்னொன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது. முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் வீட்டில், காசும் கொடுத்துக்கொண்டு, எப்படி இருப்பது என்ற கூச்சம். அந்தக் கூச்சம் நியாயமானதுதான்.

ஜெனோவாவில் படிக்க வந்த நான், அப்புறம் லெவாந்தோவில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர்கள் மாடியில் குடியிருந்துகொண்டு 3 அறைகளை விருந்தினருக்கு விட்டார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் வராது. எனக்கு வாடகையில் கொஞ்சம் கழிவு. அந்த ஏற்பாட்டில் 6 கோடைகாலம் அவர்களோடு வேலை பார்த்தேன்: ஸ்டேஷனுக்குப் போய் ஆளைக் கூட்டிவருவது, காலையில் காப்பி போடுவது, வந்தவர்கள் பெயரைப் போலீஸ் தளத்தில் ஏற்றுவது. எனவே கீழே சொல்வதில் விதிகள் பற்றியவை உறுதியானவை. பழக்கவழக்கம் பற்றியவை நான் பார்த்தவரை உண்மை. நீங்கள் எடுத்திருக்கும் அந்தக் குறிப்பிட்ட வீட்டை நான் பார்த்ததில்லை.

முதலில் அடிப்படை. இத்தாலியில் பி அண்ட் பி என்பது யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளும் அலங்காரப் பெயரல்ல. சட்டத்தில் அது ஒரு வகை. விதிகளை எழுதுவது அந்தந்த மண்டல அரசு என்பதால் விவரங்கள் மாறும். சாரம் ஒன்றுதான்: ஒரு குடும்பம் தான் குடியிருக்கும் வீட்டில் ஒரு சில அறைகளைக் காலையுணவோடு விடுகிறது, அதை முழுநேரத் தொழிலாகச் செய்வதில்லை. தொழிலாகவே நடத்தினால் பெரும்பாலும் அதற்கு 'அஃபித்தகாமரே' என்று வேறு பெயர், வேறு வரி. ஆக நீங்கள் போவது லாட்ஜுக்கும் இல்லை, உறவுக்காரர் வீட்டுக்கும் இல்லை. உங்களுக்குக் குழப்பமாகத் தெரியும் விஷயங்களில் பாதி இதிலிருந்து வருபவை. ஒரு எச்சரிக்கை மட்டும்: குடும்பமே இல்லாத காலி ஃப்ளாட்டுக்கும் சிலர் இணையத்தில் பி அண்ட் பி என்று பெயர் போட்டுவிடுகிறார்கள். அங்கே உங்களை வரவேற்பது கதவோரம் தொங்கும் சாவிப்பெட்டிதான். "நீங்களும் அதே வீட்டில்தான் இருக்கிறீர்களா?" என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள்.

பாஸ்போர்ட் கேட்பது மோசடி இல்லை. இத்தாலியில் காசு வாங்கிக்கொண்டு யாரைத் தங்கவைத்தாலும் அவர்களின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். 1931-இல், முசோலினி காலத்தில் வந்த பொதுப் பாதுகாப்புச் சட்டத்தின் 109-ஆவது பிரிவு அது. அன்று காகிதத்தில் எழுதிக் கொடுத்ததை இன்று 'அல்லொஜ்ஜாத்தி வெப்' என்ற தளத்தில் ஏற்றுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம், குடியுரிமை, ஆவண எண் போதும், நகல் தேவையில்லை. வாட்ஸப்பில் பாஸ்போர்ட் படம் அனுப்பத் தயக்கமாக இருந்தால், "வந்ததும் நேரில் காட்டுகிறேன்" என்று சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இதில் உங்களுக்கும் ஒரு லாபம் உண்டு. நீங்கள் பாரிஸிலோ ஃப்ராங்க்ஃபர்ட்டிலோ இறங்கி, ஒரே விசாவில் போய்வரும் ஷெங்கன் நாடுகளுக்குள்ளிருந்தே இத்தாலிக்கு வருவதானால், 8 நாளுக்குள் உங்கள் வருகையைப் பதிய வேண்டும் என்று விதி. தங்குமிடத்தில் செய்யும் பதிவே அதற்குக் கணக்கு. தங்கியதற்கான ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மோசடியா என்று பார்க்க இதைவிட நல்ல வழி ஒன்று வந்துவிட்டது. 2025 ஜனவரி 1 முதல் விருந்தினர் தங்கும் ஒவ்வொரு இடத்துக்கும் தேசிய அடையாள எண் கட்டாயம். 'சின்' என்பார்கள். ஐ, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். விளம்பரத்திலும் இருக்க வேண்டும், வீட்டு வாசலிலும் மாட்டியிருக்க வேண்டும். பட்டியலில் அது இல்லையென்றால் நான் காசு அனுப்ப மாட்டேன்.

இனி ரொக்கம். 'தஸ்ஸா தி சொஜ்ஜோர்னோ' என்ற தங்கல் வரி ஊர் நிர்வாகத்துக்குப் போவது. ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று கணக்கு. சிறிய ஊர்களில் சில யூரோக்கள்தான் வரும். வீட்டுக்காரர் அதை வாங்கிக் கட்டும் கைதான், அவர் லாபத்தில் சேராது. அதனால்தான் அறை வாடகையோடு கலக்காமல் தனியாகக் கேட்கிறார். கார்டு மெஷின் இல்லை என்று சொன்னாலும் சந்தேகப்படாதீர்கள். வியாபார வரி எண் இல்லாமல் வீட்டளவில் நடத்துபவர்களுக்கு மெஷின் கட்டாயமில்லை. ஆனால் ரசீது கொடுத்தாக வேண்டும். அந்த ரசீதில் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. தொகை 77.47 யூரோவைத் தாண்டினால் 2 யூரோ முத்திரை வில்லை ஒட்ட வேண்டும். அதென்ன 77.47 என்று எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டேன். பழைய 1,50,000 லீராவை யூரோவாக மாற்றினால் வருவது அதுதானாம். லீரா போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்தச் சில்லறை மட்டும் போகவில்லை.

மாலை 7 மணிக்குள் வரச் சொல்வது கறார்த்தனம் இல்லை. அங்கே வரவேற்பு மேசை என்று ஒன்று கிடையாது. ஒரு மனுஷி சமையலை விட்டுவிட்டு உங்களுக்காகக் காத்திருக்கிறார். ரயில் தாமதமானால் ஒரு செய்தி போட்டால் போதும். செய்தி போடாமல் 10 மணிக்கு வந்து மணியடித்தால் முகம் வேறு மாதிரி இருக்கும். ரயில் வேலைநிறுத்தம் அங்கே சகஜம், 'ஷோப்பெரோ' என்ற சொல் காதில் விழுந்தால் விசாரியுங்கள். வேலைநாட்களில் வேலைநிறுத்தம் என்றாலும் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட வட்டார ரயில்கள் ஓட வேண்டும் என்பது ஏற்பாடு. இன்னொன்று: ஜூன் 2 அவர்களுடைய குடியரசு தினம். அதை ஒட்டிய நாட்களில் ரயிலில் நிற்கக்கூட இடம் இருக்காது. அம்மாவை வைத்துக்கொண்டு அன்று பயணம் வேண்டாம்.

சாப்பாடுதான் உங்களுக்கு உண்மையான பிரச்சினை, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இத்தாலியர்களின் காலையுணவு இனிப்பானது, சிறியது. கப்புச்சினோ, கொர்னெத்தோ என்ற பிறை வடிவ பன் ஒன்று, ரஸ்க் மாதிரியான ரொட்டியில் வெண்ணெயும் ஜாமும். இட்லி வடை பொங்கலுக்குப் பழகிய வயிறு அதைப் பலகாரம் என்றே ஒத்துக்கொள்ளாது. பாக்கெட் பன் கொடுத்தார்கள் என்ற புகாருக்கும் பெரும்பாலும் விதிதான் காரணம். வீட்டில் சமைத்ததைப் பரிமாற உணவுச் சுகாதாரப் பதிவு வேண்டும், அது இல்லாத வீடுகளைப் பல இடங்களில் கட்டிய பொருட்களோடு நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் பதிவு இருந்தது, அதனால் வீட்டுக்காரப் பாட்டியம்மா காலை 6 மணிக்கே க்ரோஸ்தாத்தா என்ற ஜாம் பணியாரத்தை அடுப்பில் ஏற்றிவிடுவார். காப்பி போடும் மோக்கா குடுவை கொதித்துக் கரகரவென்று சத்தம் போடும்போதுதான் மாடியில் கதவுகள் திறக்கும். ஆனால் உங்கள் அம்மாவுக்கு அந்த க்ரோஸ்தாத்தா ஆகாது, மாவில் முட்டை உண்டு. கொர்னெத்தோவிலும் உண்டு. தைரியமாகக் கொடுக்கக்கூடியது சாதா ரொட்டி, வெண்ணெய், தேன், ஜாம், பழம், பால். ரொட்டியிலும் சிலவற்றில் 'ஸ்த்ருத்தோ' என்ற பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள்; உறையில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அங்கே "நான் சைவம்" என்று மட்டும் சொன்னால் மீன் போட்டுவிடுவார்களோ என்ற பயம் இப்போது அவ்வளவாக வேண்டாம். ஆனால் முட்டையையும் பாலாடைக்கட்டியையும் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பார்மிஜானோ ரெஜ்ஜானோ கட்டியை உறையவைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால்; அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் அதுதான் விதி. லிகூரியாவின் பெருமையான பெஸ்தோ, துளசிக்கு ஒன்றுவிட்ட தங்கை போன்ற இலையை அரைத்துச் செய்வது, அதிலும் இந்தக் கட்டிதான் விழுகிறது. உங்கள் அம்மாவின் சைவம் அதுவரை போகிறதா இல்லையா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சாப்பிட்ட பிறகு சொல்லாதீர்கள்.

நல்ல செய்தியும் இருக்கிறது. அந்தக் கடற்கரையில் ஃபரினாத்தா என்று ஒன்று உண்டு. கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். பெரிய செம்புத் தட்டில் ஊற்றி விறகடுப்பில் வேகவைத்து, ஓரம் முறுகலாக, மேலே மிளகுத்தூள் தூவி வெட்டிக் கொடுப்பார்கள். நம் கடலைமாவு தோசைக்குத் தூரத்துச் சொந்தம். அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும், சூடாகச் சாப்பிட வேண்டும். சில கடைகளில் வெங்காயமோ பொடி மீனோ போட்ட வகையும் இருக்கும், சாதாவைக் கேளுங்கள். ஆலிவ் எண்ணெய் ஊறிய ஃபொகாச்சா ரொட்டி எந்தத் தெருவிலும் கிடைக்கும். ஜெனோவாக்காரர்கள் அதைக் காலையில் கப்புச்சினோவில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். எனக்கு முதல் வருஷம் குமட்டியது, மூன்றாவது வருஷம் நானே தோய்த்துக்கொண்டிருந்தேன்.

ரைஸ் குக்கர் கொண்டுபோகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பேன். பி அண்ட் பியில் அறையும் காலையுணவும்தான் உங்களுடையவை, அடுக்களை அவர்களுடையது. அறைக்குள் சமைப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள். அதைவிட, மின்சாரம். இத்தாலிய வீடுகளில் வழக்கமான இணைப்பு 3 கிலோவாட்தான். ஒரு நாள் காலை, கீழே அடுப்பில் பணியாரம், பக்கத்தில் துணி துவைக்கும் மெஷின். மாடியில் ஒரு விருந்தினர் தன் ஊரிலிருந்து கொண்டுவந்த 2,000 வாட் கெட்டிலைச் சொருகினார். டப்பென்று வீடே இருண்டது. பாட்டியம்மா மாவுக்கையோடு படியிறங்கி, தெருவாசலில் இருக்கும் மீட்டர் பெட்டிக்குப் போய் விசையைத் தூக்கிவிட்டு வந்தார். வந்ததும் திட்டவில்லை. "மறுபடி போட்டால் நீங்களே இறங்கிப் போங்கள்" என்று மட்டும் சொன்னார், அதை நான் மொழிபெயர்க்கவில்லை. சுடுதண்ணீர் வேண்டுமென்றால் கேளுங்கள், தருவார்கள். பருப்புப்பொடி, ஊறுகாய், தட்டை முறுக்கு என்று பெட்டியில் இருந்தால் போதும். சாதம் வேண்டுமென்றால் பக்கத்து ஊர் லா ஸ்பெட்சியா பெரிய நகரம், அங்கே தேடலாம்.

குளியலறை விஷயத்தில் அம்மாவுக்கு மூன்று சங்கதி சொல்லிவையுங்கள். குழாயில் 'சி' என்று போட்டிருந்தால் அது குளிர்ந்த நீர் இல்லை, 'கால்தோ', அதாவது சுடுதண்ணீர். கையைச் சுட்டுக்கொண்ட விருந்தினர்களை நான் எண்ணி முடிக்கவில்லை. ஷவர் பக்கத்தில் ஒரு கயிறு தொங்கினால் அது உதவிக்கு அழைக்கும் மணி, விளக்கு விசை இல்லை. மூன்றாவது, கழுவிக்கொள்ள வசதி இருக்குமா என்று அம்மா உங்களிடம் கேட்காமலே கவலைப்பட்டுக்கொண்டிருப்பார். இருக்கும். 1975-இல் வந்த அரசாணைப்படி இத்தாலிய வீட்டில் குறைந்தது ஒரு குளியலறையிலாவது பிடே என்ற தாழ்ந்த தொட்டி கட்டாயம். ஐரோப்பாவில் நம்மவர்களுக்கு நிம்மதியான நாடு அது. பக்கத்தில் தொங்கும் சின்னத் துண்டு அதற்கானது, முகம் துடைக்க அல்ல. குளியல் துண்டைக் கடற்கரைக்கு எடுத்துப் போகாதீர்கள், அது ஒன்றுதான் எங்கள் வீட்டுக்காரர்கள் வாய்விட்டுக் கோபித்துக்கொண்ட குற்றம்.

வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்ற கூச்சத்துக்கு வருகிறேன். நமக்குத் தெரியாத ஒன்றும் இல்லை. அடுத்தவர் வீட்டு நிலைப்படியைத் தாண்டும்போது இத்தாலியர்கள் "பெர்மெஸ்ஸோ?" என்பார்கள். வரலாமா என்று பொருள். கதவு திறந்திருந்தாலும், கூப்பிட்டவர்களே எதிரில் நின்றாலும் சொல்வார்கள். காலையில் அறையை விட்டு வந்ததும் "புவோன் ஜோர்னோ". இந்த இரண்டையும் உங்கள் அம்மா சொல்லிவிட்டால் அந்த வீட்டில் மிச்ச நாள் முழுக்க அவருக்குத்தான் முதல் காப்பி. மதியம் சுமார் 1 மணியிலிருந்து 3, 4 மணி வரை வீடும் தெருவும் அடங்கிவிடும். அப்போது சத்தமாக ஊருக்கு வீடியோ கால் பேச வேண்டாம். அதே சமயம் அவர்கள் உங்கள் மேல் கொஞ்சம் அதிகாரம் எடுத்துக்கொள்வார்கள், அதற்கும் தயாராக இருங்கள். ஈரத் தலையோடு வெளியே போகாதே, சாப்பிட்டவுடன் கடலில் இறங்காதே, காற்று பட்டுக் கழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். உங்கள் மனைவிக்கு எரிச்சலாக இருக்கலாம். அம்மா ஒத்துக்கொண்டு தலையாட்டுவார்.

எல்லாருக்கும் இது ஒத்துவராது, அதையும் சொல்ல வேண்டும். இரவு 12 மணிக்கு மேல் திரும்புபவர்கள், தனிமை வேண்டும் என்பவர்கள், தினமும் அறை சுத்தமாக வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஹோட்டலுக்குப் போவதே நல்லது. உங்கள் விஷயத்தில் ஊர் தேர்வு சரியானது. சின்க்வே தேர்ரே என்ற 5 கிராமங்கள் 1997-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. படத்தில் அழகு, முழங்காலுக்கு ஆகாது. கொர்னீலியாவில் ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு ஏற சுமார் 380 படி. ரியோமஜ்ஜோரே, வெர்னாத்ஸாவிலும் மேலே அறை கிடைத்தால் பெட்டியோடு படியேற வேண்டும். லெவாந்தோ அவற்றுக்கு வெளியே, பள்ளத்தாக்கில் பரந்து கிடக்கும் ஊர். அந்த ஐந்தில் ஒன்றான மொன்தெரொஸ்ஸோவுக்கு ரயிலில் சுமார் 5 நிமிஷம். பழைய ரயில் தடத்தை நடைபாதையாக்கியிருக்கிறார்கள். சுரங்கங்கள் வழியே பக்கத்து ஊர்களான பொனஸ்ஸோலா, ஃப்ராமுரா வரை சமதளம், சுமார் ஐந்தரை கிலோமீட்டர். இடையிடையே சுரங்கம் முடிந்து கடல் சட்டென்று தெரியும். வெயிலில்லாமல் அம்மா நடக்க அதைவிட நல்ல இடம் அங்கே இல்லை. ஆனால் ஊர் சமதளம் என்பதால் வீடும் அப்படியே என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீடு போலவே பல வீடுகளில் லிஃப்ட் கிடையாது. "எத்தனையாவது மாடி, எத்தனை படி" என்று கேளுங்கள். இத்தாலியர்கள் 'முதல் மாடி' என்பது நம் கணக்கிலும் முதல் மாடிதான், ஆனால் கூரை உயரமான பழைய கட்டடத்தில் ஒரு மாடிக்கே நிறையப் படி.

கடைசியாக ஒரு கோரிக்கை, பதில் என்று வேண்டாம். விசாவுக்காக மூன்று இடத்தில் அறை பதிவு செய்து, கையில் முத்திரை விழுந்ததும் இரண்டை ரத்து செய்வது நம்மவர்களிடம் வழக்கமாகிவிட்டது. பெரிய ஹோட்டலுக்கு அது தூசி. 3 அறை வைத்திருக்கும் வீட்டுக்கு மே மாதத்தில் 4 இரவு என்பது பெரிய ஓட்டை. போவதில்லை என்று முடிவானால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். போவதாக இருந்தால் பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் இந்த வரியை அனுப்புங்கள், நேரில் சொல்லவும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "மியா மாத்ரே நோன் மாஞ்ஜா நே கார்னே, நே பெஷே, நே உவோவா." என் அம்மா இறைச்சி, மீன், முட்டை எதுவும் சாப்பிட மாட்டார் என்று அர்த்தம். பால் பரவாயில்லை என்றால் "இல் லாத்தே வா பேனே" என்று சேர்த்துக்கொள்ளலாம். உடனே "அப்புறம் என்னதான் சாப்பிடுவார் பாவம்?" என்று ஒரு பதில் வரும். ஃபரினாத்தா என்று சொல்லுங்கள்.